ஜான்ஸ் இருநூற்றுப் பன்னிரண்டு

பினர மலரின் நிறம் நீலம் என்பதை நேசம் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாசித்தே அறிந்திருந்தாள். அவள் கண்ணால் கண்டதெல்லாம் பழுப்பு மட்டுமே.

கிருலப்பனையில் ஒரு பழைய மாடிவீட்டில் இயங்கிவந்த அந்தத் தனியார் உலர்தாவரச் சேகரிப்பகத்துக்கு மலைநாட்டிலிருந்து வந்துசேரும் எந்தப் பூவும் தன் நிறத்தை வழியிலேயே தொலைத்துவிட்டுத்தான் வரும். செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திய செடியைத் தடித்த வெள்ளைத் தாளில் கிடத்தி, தண்டை மெல்லிய காகிதப் பட்டிகளால் ஒட்டி, பருத்த இடங்களை நூலால் தைத்து, உதிர்ந்த துணுக்குகளைத் தாளின் மூலையில் ஒட்டிய சிறு காகிதப் பையில் இட்டுவைப்பது நேசத்தின் வேலை. செடியைப் பறித்தவர் எழுதிய லேபல் கீழே வலப்பக்கத்தில் ஒட்டப்படும். பறித்த இடம், நாள், பறித்தவரின் பெயர், அவர் இட்ட வரிசை எண், பூவின் நிறம். நிறத்தை எழுதாமல் விட்டால் பின்னால் வருகிறவர் அதை அறிய வேறு வழி இல்லை.

பினரவுக்கு அங்கே நாற்பத்தொரு தாள்கள் இருந்தன. நாற்பதில் 'நீலம்' என்றோ 'கடும் நீலம், மகரந்தப்பை மஞ்சள்' என்றோ எழுதியிருந்தது. மிகுதி ஒன்றில் பென்சில் எழுத்து மங்கி ஒன்றுமே தெரியாமற் போயிருந்தது.

பினர செப்டெம்பரில் பூக்கும். ஒவ்வொரு செப்டெம்பரிலும் சேகரிப்பகத்தின் வான் மலைக்குப் போகும். ஒவ்வொரு முறையும் நேசத்துக்கு அதில் இடமிராது. சென்ற ஆண்டு, பொறுப்பாளர் கலாநிதி சிவபாதசுந்தரம் படியில் இறங்கிக்கொண்டே, "அடுத்தமுறை உம்மையும் கூட்டிக்கொண்டுதான் போக வேணும், நேசம்" என்று சொல்லியிருந்தார். படியில் இறங்கும்போது சொல்லப்படும் வார்த்தைக்கு எவ்வளவு பெறுமதி என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆயினும் அவள் அதைக் கொட்டாஞ்சேனை வீட்டில் சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய கணவர் பிறெடி, மறுவாரமே புறக்கோட்டைக்குப் போய் மஞ்சள் நிற ரெயின்கோட் ஒன்றை வாங்கிவந்துவிட்டார்.

"மலையேறப் போற மகாராணிக்கு" என்று அதை உதறிக் காட்டினார். "தொலஞ்சு போனாலும் ஹெலிகொப்டர்ல இருந்து தெரியும்."

அந்த ரெயின்கோட் ஓர் ஆண்டாக அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

பர்ஹா வந்தது மார்ச் மாதத்தில். வெள்ளவத்தைப் பிள்ளை, இருபத்தேழு வயது, தாவரவியலில் முதுகலைப் பட்டம். எல்லாத் தாள்களையும் படம் பிடித்து, லேபல்களில் உள்ளவற்றைக் கணினியில் பதிவதற்காக அவளை எடுத்திருந்தார்கள். குறையென்று சொல்வதற்கு அவளிடம் அதிகமாக எதுவும் இல்லை. நேரத்துக்கு வந்தாள். தாளை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். வியாழக்கிழமைகளில் காலி வீதிக் கடையிலிருந்து மீன் கட்லட் வாங்கிவந்து முதலில் நேசத்திடம்தான் நீட்டினாள். இவ்வளவும் செய்கிற ஒருத்தியை வெறுப்பது எளிதல்ல. நேசத்துக்கு அதற்கு ஒரு மாதம் பிடித்தது.

பழைய கையெழுத்துகள்தாம் தொடக்கம். பர்ஹாவுக்கு அவற்றை வாசிக்க வராது.

"அன்ரி, இது என்ன எழுத்து? கோழி கிண்டின மாதிரி இரிக்கி."

"கொண்டா. அது 'ஆற்றோரம்'. அவர் எல்லா எழுத்தையும் அப்பிடித்தான் சாய்ச்சு எழுதுவார்."

"அன்ரி இல்லாட்டி நான் செத்தன்."

இப்படி ஒரு நாளைக்கு முப்பது முறை. நேசம் எழுந்து வருவாள், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குவாள், வாசித்துச் சொல்வாள், போய் உட்காருவாள். ஏப்ரலில் ஒரு நாள் கணினித் திரையை எட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு பதிவின் கீழும் 'வாசித்துப் பதிந்தவர்: பர்ஹா நிலாம்' என்றிருப்பதைக் கண்டாள். மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகள். அன்று பிற்பகல் பர்ஹா கூப்பிட்டபோது, நூலில் முடிச்சு விழுந்துவிட்டதாகச் சொல்லி ஐந்து நிமிடம் காக்கவைத்தாள். அவ்வளவே.

ஆகஸ்டில் பினரவின் முறை வந்தது.

மங்கிப்போயிருந்த அந்த நாற்பத்தோராவது தாளைப் படமெடுக்க வைத்த பர்ஹா, விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தாள். பென்சில் கரைந்துபோனாலும் அது அழுத்திய தடம் காகிதத்தில் இருந்தது. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தடங்கள் நிழலாக எழும்பின.

"அன்ரி! ஓடி வாங்க!"

நேசம் வந்து குனிந்தாள். "ஜான்ஸ்" என்றாள் உடனேயே. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நில அளவையாளராக மலைகளில் திரிந்து, போகிற இடமெல்லாம் செடி பறித்த ஒரு பறங்கியர் அவர். "ஜான்ஸ் இருநூற்றுப் பன்னிரண்டு. செப்டெம்பர் பதினாலு. இடம், மேற்படி. பூ வெள்ளை."

"என்ன?"

"வெள்ளை எண்டிருக்கு."

பர்ஹா விளக்கை அணைக்காமலே மாடிக்கு ஓடினாள். நேசம் விளக்கை அணைத்தாள்.

வெள்ளைப் பினரவை யாரும் பதிந்ததில்லை. கலாநிதி சிவபாதசுந்தரம் மூச்சு வாங்கப் படியிறங்கி வந்து, தாளை அரைமணி நேரம் பார்த்தார். உலர்ந்த பூ மற்றவற்றைப் போலவே பழுப்பாக இருந்தது. அதை நம்புவதற்கு லேபலைத் தவிர வேறு சாட்சி இல்லை. "கெட்டிக்காரி" என்றார் அவர். விளக்கைப் பிடித்தவளைப் பார்த்துச் சொன்னார். வாசித்தவள் இரண்டடி தள்ளிப் பசைக்கிண்ணத்தோடு நின்றாள்.

"நேசம் அன்ரிதான் சேர் வாசிச்ச" என்று பர்ஹா சொன்னாள்.

"ஓம், ஓம், நேசம் எப்பவும் வாசிப்பா" என்றார் அவர்.

பர்ஹா அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நேசத்துக்கு அவ்வளவு வயிறு எரிந்திராது.

'மேற்படி' என்றால் எந்த இடம் என்று பர்ஹாவே தேடிக் கண்டுபிடித்தாள். பினரத் தாள்களை வைத்திருந்த உறைக்குள் அதற்கு மேலே இருந்த தாளும் ஜான்ஸ் பறித்ததுதான். அதில் பட்டிப்பொலையின் மேற்கேயுள்ள ஒரு புற்சரிவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. பொறுப்பாளர் உரிய திணைக்களத்துக்கு எழுதி, அந்தச் சரிவில் தேடவும் இரண்டொரு செடி பறிக்கவும் அனுமதி பெற்றார். பல்கலைக்கழகத்திலிருந்து ஜெயகுமார் என்ற விரிவுரையாளரை அழைத்தார். பின்னர், ஆகஸ்ட் இருபதாம் திகதி, தேநீர் வேளையில் பயணத்தை அறிவித்தார்.

"செப்டெம்பர் பன்னிரண்டு போய் பதினாலு வாறம். வான்ல பின் சீட்டைக் கழட்டிப் செடி அழுத்துற பலகையள் ஏத்தினால் நாலு பேருக்குத்தான் இடம். மெல்ரோய் ஓட்டுவார். நான், ஜெயகுமார்." அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். நேசம் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். "பிறகு பர்ஹா. கமெராவும் கையுமா ஒருத்தர் வேணுமெல்லோ."

"நான் எதுக்கு சேர்? அன்ரி போகட்டுமே" என்றாள் பர்ஹா.

"நேசத்துக்கு முழங்கால் நோ எண்டு சொன்னவ. என்ன நேசம்?"

முழங்கால் நோவைப் பற்றி அவள் சொன்னது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, படிக்கு ஒரு கைபிடி கேட்டபோது. கைபிடி இன்றுவரை போடப்படவில்லை. "ஓம் சேர்" என்றாள் நேசம்.

அன்று மாலை கொட்டாஞ்சேனையில் பிறெடி கேட்டார்: "எப்ப பயணம்?"

"இந்தமுறை இளம் ஆக்கள் போகினம்."

"அப்ப அந்தக் கோட்?"

"உங்கட தலையில போட்டுக்கொண்டு மாக்கட்டுக்குப் போங்க."

அவர் நெத்தலிக் கருவாட்டுப் பொரியலை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

மறுநாள் ஆகஸ்ட் இருபத்தொன்று. நேசம் பட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கை வெட்டிக்கொண்டிருக்க, மனம் ஜான்ஸின் எண்ணையே சுற்றிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு முந்தியது இருநூற்றுப் பதினொன்று. அந்த எண்ணிட்ட தாளை அவள் எப்போதோ தைத்திருக்கிறாள். கத்தரிக்கோல் நின்றது.

சேகரிப்பவர் ஒரு நாளில் பறிப்பதற்கெல்லாம் பறித்த வரிசையிலேயே எண் இடுவார். முதலில் பன்னம் எனப்படும் ஒரு பெரணிச் செடி, அடுத்து ஒரு பூ, அதற்கடுத்து ஒரு புல் என்று. சேகரிப்பகத்திலோ அவை இனம் பிரித்து வைக்கப்படும். பன்னம் ஓர் அலுமாரிக்கும் பூ வேறோர் அலுமாரிக்கும் போய்விடும். ஆகவே ஒருவர் 'மேற்படி' என்று எழுதினால், அது அவருடைய முந்தைய எண்ணைக் குறிக்குமே தவிர, உறைக்குள் தற்செயலாக மேலே கிடக்கும் தாளைக் குறிக்காது. பர்ஹா பார்த்த மேல்தாள் ஜான்ஸின் நூற்றெண்பத்தேழாம் எண். இரண்டுக்கும் இடையில் அந்த மனிதர் எத்தனை மலை ஏறி இறங்கினாரோ!

நேசம் பன்ன அலுமாரியைத் திறந்தாள். மூன்றாம் தட்டில் இருந்தது அது. ஜான்ஸ் 211, அதே செப்டெம்பர் பதினான்கு. இடம், இறாகலைக்கு மேலே, ஓடையை அடுத்த புற்சரிவு. பட்டிப்பொலை நுவரெலியாவுக்குத் தெற்கே. இறாகலை நேர் எதிர்ப்பக்கம்.

அவளுக்கு வந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

சேகரிப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பிழையை யாரும் அழிப்பதில்லை, கிழிப்பதில்லை. பிழையைக் கண்டவர் ஒரு சிறு துண்டில் திருத்தத்தை எழுதி, தம் பெயரும் கண்ட நாளும் இட்டு, பழையதன் பக்கத்தில் ஒட்டிவிடுவார். சில தாள்களில் ஒரே பூவைப் பற்றி நான்கு பேர் நூறாண்டாக மறுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நேசம் அப்படிப்பட்ட துண்டுகளை ஆயிரக்கணக்கில் ஒட்டியவள். அவளுடைய கை தானாகவே ஒரு துண்டை எடுத்தது. 'ஜான்ஸ் 212-இன் இடம் இறாகலை; 211 பார்க்க. நே. பிறெடி. 21 ஆகஸ்ட்' என்று தன் அழகிய சிறு எழுத்தில் எழுதியது.

ஒட்டுவதற்குப் பூவின் தாள் வேண்டும். அது பர்ஹாவின் மேசையில் இருந்தது. பர்ஹா தொலைபேசியில் யாரிடமோ அட்டைக்கடிக்கு என்ன பூசுவது என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பசை கொஞ்சம் தடித்துவிட்டது, புதிதாகக் கரைத்த பிறகு ஒட்டலாம் என்று நேசம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துண்டை மடித்து, பன்னத் தாளின் மூலையிலிருந்த துணுக்குப் பைக்குள் செருகினாள். பன்னங்களைப் படம் பிடிக்கும் முறை வர அடுத்த ஆண்டாகும். அலுமாரியைச் சாத்தினாள்.

பசையை அன்று மாலையே கரைத்தாள். மறுநாளும் கரைத்தாள். துண்டு அங்கேயே இருந்தது.

செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி வான் புறப்பட்டபோது அவள் வாசலில் நின்று கைகாட்டினாள். மூன்று நாள்களும் அவளுக்கு உணவு ருசித்தது. மழை பெய்யும் போதெல்லாம், மலையில் இன்னும் பலமாகப் பெய்யும் என்று நினைத்துக்கொண்டாள். வெறுங்கையோடு திரும்பி வரும் பர்ஹாவின் முகத்தை எண்ணி எண்ணிப் பார்த்தாள். கெட்டிக்காரியின் முகம்.

அந்த முகம் பதினைந்தாம் திகதி காலை வந்துசேர்ந்தது. தடிமன் பிடித்து, மூக்குச் சிவந்து, நேசம் கற்பனை செய்ததைவிட மோசமாக இருந்தது.

"ஒன்டுமில்ல அன்ரி. சரிவு முழுக்க நீலம், நீலம், நீலம். வெள்ள ஒன்டுகூட இல்ல. ஜெயகுமார் சேர் ரெண்டாம் நாளே சிரிக்கத் தொடங்கிட்டார். 'வெள்ளை எண்டது ஜான்ஸ்ட கண்ணாடியில படிஞ்ச பனிப்புகாரோ தெரியாது' எண்டார். எங்கட சேர் ஒன்டும் பேசாம நின்டார், மழையில. அவர் அப்பிடி நின்டத்த என்னால பாக்க ஏலாமப் போச்சு."

சொல்லிக்கொண்டே அழுதாள். நேசம் அவளுக்குப் பிளேன்டீ ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

"இது அன்ரிக்கு" என்று பர்ஹா அழுத்துப் பலகையைத் தளர்த்தினாள். "ஒரேயொரு செடி எடுத்தன். நீலம்தான். ரெண்டு நாள்தானே, நிறம் இன்னும் போகல்ல. நீங்க ஒருநாளும் கண்டதில்லன்டு சொன்னீங்களே."

செய்தித்தாள் விரிந்தது.

நாற்பது லேபல்களும் பொய் சொல்லியிருந்தன என்றே நேசத்துக்குத் தோன்றியது. அது நீலமே அல்ல. தவக்காலத்தில் மாதா கோவில் சுரூபங்களை மூடும் துணியின் ஊதா அது. வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் நீலத்தை நினைவூட்டியது. நடுவில் மஞ்சள், முட்டைக்கருவின் மஞ்சள். இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் பட்டி ஒட்டியது இதற்குத்தானா? இதை அந்தப் பிள்ளை ஒரு சரிவு முழுக்கப் பார்த்திருக்கிறாள். சலிக்கச் சலிக்கப் பார்த்து, 'நீலம், நீலம்' என்று குறைசொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"லேபல்ல நிறம் மட்டும் நான் எழுதல்ல" என்றாள் பர்ஹா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்க பாத்து எழுதுங்க."

"பிறகு எழுதுறன்" என்றாள் நேசம்.

அன்று அவள் அதை எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. அந்தப் பிள்ளை தரும் ஒரு வரியை வாங்கி எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், மதிய இடைவேளையில், துண்டை எடுத்துவிடுவோம் என்று நேசம் பன்ன அலுமாரியைத் திறந்தாள். கிழிப்பதற்கல்ல, வேறோரிடத்தில் வைப்பதற்கு என்று சொல்லிக்கொண்டாள். ஜான்ஸ் 211-இன் துணுக்குப் பை வெறுமையாக இருந்தது.

அவள் தேநீர் அறைக்குப் போனபோது, பர்ஹா சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் அமர்ந்திருந்தாள். பார்சலின் மேல் அந்தத் துண்டு.

"உக்காருங்க அன்ரி."

நேசம் உட்காரவில்லை.

"ஜான்ஸ் அந்தக் கிழமை எங்கயெல்லாம் போனவர் எண்டு அவர்ட நம்பர் எல்லாத்தயும் வரிசையாத் தேடினன். தாளை எடுத்தா முதல்ல துணுக்குப் பையைப் பாக்கோணுமெண்டு நீங்கதானே பழக்கினீங்க." அவள் துண்டை விரலால் திருப்பினாள். "எனக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லுவீங்க. இத வாசிச்சிட்டன். ஆகஸ்ட் இருபத்தொன்டு."

"ஓம்."

"நாங்க போனது செப்டெம்பர் பன்னென்டு."

"ஓம்."

"திகதியப் போட்டுட்டு ஒளிச்சி வெச்சிருக்கீங்க! களவெடுக்கிற ஆள் கையெழுத்து வெச்சிட்டுப் போற மாதிரி." பர்ஹா சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "நான் அழக்குள்ள டீ ஊத்தித் தந்தீங்களே அன்ரி. இஞ்சி வேற போட்டு."

"பிழை உன்ட பிழைதான்" என்றாள் நேசம். குரல் தன்னுடையதாக அவளுக்கே தோன்றவில்லை. "மேற்படி எண்டா நம்பரைப் பாக்க வேணும். தாளைப் பாக்கக் கூடாது. அது கூடத் தெரியாம..."

"தெரியாது! தெரியாததாலதான் ஒரு நாளைக்கு முப்பது தரம் அன்ரி, அன்ரின்டு வாறன். அன்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா?"

"சொன்னா நீ இறாகலைக்குப் போவாய். வெள்ளையைக் காணுவாய். அதுக்கும் கீழ பர்ஹா நிலாம் எண்டு எழுதுவாய்."

வெளியே மெல்ரோய் வானுக்குத் தண்ணீர் அடிக்கும் ஓசை கேட்டது.

பர்ஹா துண்டைத் துடைத்து, நேசத்தின் பக்கமாக நகர்த்தினாள். "புதுசா ஒன்டு எழுதுங்க. இன்டைய திகதி போட்டு. நாங்க ரெண்டு பேரும் சேந்து இன்டைக்குத்தான் கண்டுபிடிச்சமெண்டு சேர்ட்ட சொல்லுறன். இத நான் காணல்ல."

"ஏன்?"

"ஏன்டா... உங்களுக்கு அங்க போக ஆச. எனக்கு அது தெரியும். தெரிஞ்சிட்டுத்தான் நானும் போன."

இதைக் கேட்டு நேசம் மனம் உருகினாள் என்று எழுதினால் அது உண்மையாகாது. அவளுக்குள் எரிந்தது இன்னும் உயரமாக எழும்பிற்று. விளக்கு இவளுடையது, பட்டம் இவளுடையது, வானில் இருக்கை இவளுடையது. இனிப் பெருந்தன்மையும் இவளுடையதாகவா இருக்க வேண்டும்? இவள் விட்டுக்கொடுத்த திகதியோடு, இவள் மூடி மறைத்த குற்றத்தோடு, ஓய்வுபெறும் வரை இவளுக்கு எதிரே உட்கார்ந்து கட்லட் தின்ன வேண்டுமா? அதைவிட எதுவும் தாங்கலாம்.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். பசை பதமாக இருந்தது. ஜான்ஸ் 212-ஐ எடுத்துவந்து, லேபலின் இடப்பக்கத்தில், நேராக, குமிழி விழாமல், அந்தப் பழைய துண்டையே ஒட்டினாள். ஆகஸ்ட் இருபத்தொன்று. இனி நூறாண்டுக்கு அதை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

தாளை இரண்டு கைகளாலும் ஏந்தி மாடிக்கு எடுத்துச் சென்றாள்.

கலாநிதி சிவபாதசுந்தரம் துண்டை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். அவருடைய பார்வை சுவரிலிருந்த கலண்டருக்குப் போய், பன்னிரண்டாம் திகதியைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டத்தில் தங்கியது.

"இறாகலை" என்றார் மெதுவாக.

"ஓம் சேர்."

"எழுதின அண்டைக்கே ஒட்டேல்லை." அவர் அவளுடைய முகத்தைப் பாராமலே கேட்டார்: "பசை முடிஞ்சிருந்ததோ?"

அது அவர் திறந்துவிட்ட ஒரு கதவு. ஒரு 'ஓம்' போதும்.

"பசை இருந்தது சேர்" என்றாள் நேசம்.

அவர் தாளை மூடி, மிக மரியாதையாக, "சரி, நீர் போகலாம்" என்றார்.

இறாகலைக்குப் புதிய அனுமதி கிடைத்தது. ஒக்டோபர் முதல் வாரம், பினர ஓயும் தறுவாய். ஜெயகுமார் வரவில்லை, புகாரைப் பார்க்க இரண்டாம் முறை மலையேற நேரமில்லை என்று செய்தி அனுப்பியிருந்தார். ஆக வானில் ஓர் இருக்கை மிகுந்தது. அது மிகுந்திருப்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, மெல்ரோயைத் தவிர.

"மிஸ் வாறதில்லயா?" என்று புறப்படும் காலையில் அவன் சிங்களம் கலந்து உரக்கக் கேட்டான். "சீட் ஒண்டு சும்மாதானே போகுது, நேத?"

பொறுப்பாளர் முன் கதவைச் சாத்திக்கொண்டார். "பலகையளை அதில வையும், மெல்ரோய்" என்றார்.

அழுத்துப் பலகைகள் அந்த இருக்கையில் ஏறின. மெல்ரோய் அவை சரியாதபடி இருக்கைப் பட்டியையும் போட்டுவிட்டான்.

நேசம் வாசற்படியில் நின்றாள். கையில் மஞ்சள் ரெயின்கோட். பர்ஹா ஏறப்போகும்போது அதை நீட்டினாள்.

"எனக்கா?"

"உன்ட அந்தக் குடை காத்துக்கு நிக்காது. போட்டுக்கொண்டு போ." பர்ஹா வாங்கிய பிறகும் நேசம் ஒரு நுனியை விடவில்லை. "முள்ளுல மாட்டிக் கிழிச்சிராத. மடிப்பு மடிப்பா வெச்சிருந்தனான்."

"சரி அன்ரி." பர்ஹா அவளை இன்னும் முழுதாக மன்னித்திருக்கவில்லை, அது அவள் இழுத்த விதத்தில் தெரிந்தது. ஆயினும் வான் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டினாள். "வெள்ள கிடைச்சா காய முதல் கொண்டு வாறன்!"

வான் சந்தியில் திரும்பியது. அவர்கள் வெள்ளைப் பினரவைக் காணவேண்டும் என்று நேசம் உண்மையாகவே விரும்பினாள். ஒரு வாரம் பிந்திவிட்டது, எல்லாம் உதிர்ந்து போயிருக்கும் என்றும் அதே மூச்சில், அதே உண்மையோடு விரும்பினாள்.

உள்ளே போய், இரண்டு வாரத்துக்கு மேலாக எழுதாமல் வைத்திருந்த லேபலை எடுத்தாள். பர்ஹா பறித்த அந்தச் செடியின் உறையைத் திறந்தாள். இதழ்களின் ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. ஊதா நடுவில் ஒரு விரல்நகமளவுக்குச் சுருங்கியிருந்தது. நிறம் என்ற இடத்தில் இன்று காண்பதை எழுதினால் அது பொய். அன்று கண்டதை இன்று கண்டதாக எழுதினாலும் பொய்.

அவள் பேனாவை எடுத்து, 'தவக்காலத் துணியின் ஊதா. நடு மஞ்சள்' என்று எழுதினாள். அதன் பக்கத்தில், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி, 'செப்டெம்பர் 15 அன்று கண்டபடி, நே. பிறெடி' என்று சேர்த்தாள். பறித்தவர் பெயருக்குரிய வரியில் பர்ஹா நிலாம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பசைக்கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டாள்.